தளர்ச்சி துறவாமோ?

சைவ நன்மக்காள்!

உயிர் மலவலி தேய்ந்து திருவருளைத் தலைப்படுதற்பொருட்டு இறைவன் கொடுத்தருளிய கருவியே உடம்பு என்பது நம் சித்தாந்தத் துணிபு. கருவியைப் பேணாதான் காரியம் முடிப்பது எங்ஙனம்? இதனைப் பிறர்க்குப் பல்லாண்டு உரைத்துவந்த யாம், அறுபது கடந்தபின் எம்மளவில் மறந்தோம். அம்மறதியின் வரலாற்றையே ஈண்டுக் கூறுகின்றோம்.

ஈராண்டுகட்கு முன் எமக்குப் பசி குன்றிற்று. உண்டது நெஞ்சிற் கரித்தது; மலச்சிக்கலும் உடன் வந்தது. இரவுணவை விட்டோம், பகலிலும் பிடி சோறும் மோருமே கொண்டோம். இரவில் எழ நேருமென்று அஞ்சி நீரையும் சுருக்கினோம். வீட்டார் வினவியபோது, 'ஆசை அறுகின்றது' என்றோம். அவ்விடையில் எமக்கொரு செருக்கும் இருந்தது. ஓராண்டில் உடலெடை 6 கிலோ குறைந்தது. ஒரு சோமவாரத்தில் திருக்கோயிலை வலம் வருங்கால், இரண்டாஞ் சுற்றிற் கால் தள்ளாடத் தூணைப் பற்றி நின்றோம். மூச்சிளைப்பினால் ஐந்தெழுத்தும் நாவில் நில்லாதாயிற்று. அறுந்தது ஆசையன்று, ஆற்றலே என்பது அத்தூணடியிற் புலனாயிற்று.

பின்னர் மருத்துவர் விளக்கியது இது: மூப்பிற் சுவையும் மணமும் மங்கும், தாகவுணர்வு குறையும், பல் தளரும். நீரும் நாருணவும் நடையும் குறையின் மலம் இறுகும். சில மருந்துகளும் அதனை விளைக்கும். வயிற்றுக்கு அஞ்சி உணவைக் குறைப்பின் தசை கரையும்; தசை கரைய நடை குறையும்; நடை குறையப் பசியும் மலப்போக்கும் பின்னும் குன்றும். இச்சுழலே மூப்பின் தளர்ச்சியை வளர்ப்பது. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லிண்டா பிரீட் அம்மையாரும் அவர் குழுவினரும் இதற்கு ஐந்து குறிகள் வகுத்தனர்: கருதாது எடை குறைதல், சோர்வு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மந்தமாதல், உடலுழைப்புச் சுருங்குதல். இவற்றுள் மூன்று உளவேல் தளர்ச்சி உண்டென்பது அவர் துணிபு. எம்மிடம் நான்கு இருந்தன.

அற்றேல் விரதங்கள் வேண்டாவோ எனின், அற்றன்று. உண்ண வல்லான் இறைவனை நினைந்து உணவை ஒறுத்தல் விரதம். உண்ணமாட்டாதான் அம்மாட்டாமைக்குத் துறவென்று பெயரிடுதல் தன்னையே ஏய்த்தலாகும். திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தில் உணவையே மிகுதியும் பேசினார். செரித்தமை அறிந்து அளவோடு உண்க என்றாரேயன்றி, உண்ணாதொழிக என்றாரல்லர்.

வயிற்றுநோயை நாணி மறைத்தலும் பிழையே. திருநாவுக்கரசு சுவாமிகளைச் சூலை பற்றியபோது, அவர் தமக்கு உணவு சமைப்போனை விடுத்துத் தமக்கையார் திலகவதியார்க்கு அதனைத் தெரிவித்தார். அங்ஙனம் தெரிவித்ததே அவர் திருவதிகையை அடைதற்கு வாயிலாயிற்று. அப்பெருமானார் முதுமையிலும் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு புரிந்தமை நாம் அறிந்ததே.

இப்பொழுது யாம் சிறிது சிறிதாக ஐந்து வேளை உண்கின்றோம். பாசிப்பருப்பு, தயிர், கீரை, கனி ஆகியன நாடோறும் உண்டு. நாற்காலியினின்று கையூன்றாது எழுந்தமரும் பயிற்சியும் செய்கின்றோம். ஆறு திங்களில் மூன்று சுற்றும் நிறைவேறின. இஃது எல்லார்க்கும் ஒத்த முறையன்று. சிறுநீரகநோய், இருதயநோய் உடையார் நீரின் அளவையும் பருப்பின் அளவையும் மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும். மலத்திற் குருதி, விழுங்குதற்கு அருமை, காரணமின்றி மெலிதல், புதிதாய்த் தோன்றிய மலச்சிக்கல் என்பன கண்டோர் நாட்கடத்தலாகாது.

மூத்த அன்பர்காள்! நும் வயிற்றின் நிலையை வீட்டார்க்கு உள்ளவாறு இன்றே சொல்லுமின். இளைஞர்காள்! 'பெரியவர் மிதமாக உண்பார்' என்று அமையாது, அவர் இலையையும் நடையையும் நோக்குமின். இவ்வுடம்பு இறைவன் நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருள்; அவன் திரும்பக் கொள்ளுங்காறும் அதனைக் காத்தல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.