போதும் என்று சொல்பவர் யார்?

ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைப்போரின் வாழ்வை நாம் பெரும்பாலும் மேடைக்கு முன்னால் அமர்ந்தே பார்க்கிறோம். விளக்குகள் ஒளிர்கின்றன, இசை எழுகிறது, கைதட்டுகிறோம், வீடு திரும்புகிறோம். நமக்கு அது ஒரே ஓர் இரவு. அவர்களுக்கோ நூறு இரவுகளில் ஒன்று. நாம் உறங்கச் செல்லும் வேளையில் அவர்கள் கருவிகளைக் கட்டி வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார்கள். இத்தகைய வாழ்வு மனிதரை வளர்க்கிறதா, அழிக்கிறதா? அழிக்கிறது என்றால், 'போதும்' என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? பலர் சேர்ந்து நடக்கும் பாதையில் ஒருவர் நின்றுவிட்டால், அது விவேகமா, கைவிடுதலா?

இக்கேள்விகளை ஒரு குழுவின் வரலாற்றோடு சேர்த்து நோக்குவது நன்று. 'தி பேண்ட்' என்ற ராக் இசைக்குழுவில் ஐவர் இருந்தனர். ராபி ராபர்ட்சன், ரிச்சர்ட் மேனுவல், ரிக் டாங்கோ, கார்த் ஹட்சன் ஆகிய நால்வர் கனடா நாட்டினர். ஐந்தாமவரான லெவான் ஹெல்ம், அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்துப் பருத்தி விவசாயி ஒருவரின் மகன். 1960-களின் தொடக்கத்தில் ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகருக்குப் பின்னணி இசைப்போராக மதுக்கூடங்களில் இரவுதோறும் வாசித்துத் தேர்ந்தவர்கள் இவர்கள்.

பின்னர் பாப் டிலனுடன் பயணம் சென்றார்கள். நாட்டுப்புறப் பாடகராக அறியப்பட்ட டிலன் மின்சாரக் கிதாரைக் கையிலெடுத்ததை ரசிகர்கள் பலரால் ஏற்க இயலவில்லை. ஊருக்கு ஊர் ஏளனக் கூச்சலே வரவேற்பாயிற்று. 1966 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கூட்டத்திலிருந்த ஒருவர் டிலனை நோக்கி 'யூதாஸ்' என்றே கத்தினார். ஹெல்ம் அந்த மேடையில் இல்லை. அவமதிப்பைத் தாங்க மாட்டாமல் 1965-இன் இறுதியிலேயே விலகி, மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பண மேடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

1967-இல் நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் அருகே, இளஞ்சிவப்பு நிற வீடொன்றைக் குழுவினர் வாடகைக்கு எடுத்தனர். ஹெல்மும் திரும்பி வந்தார். அவர்களுக்குப் பெரும் புகழ் தந்த முதல் இசைத்தட்டு அந்த அமைதியான காலத்தின் கனி. அது 1968-இல் வெளிவந்தது. சாலையில் கற்றதெல்லாம் பாடலாகக் கனிவதற்கு அவர்களுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

புகழ் வந்தபின் மீண்டும் பயணம். 1976 நவம்பர் 25, அமெரிக்கர்களின் நன்றியறிதல் நாள். சான்பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு விருந்து படைத்து, விடைபெறும் நிகழ்ச்சியை அவர்கள் நடத்தினர். மார்ட்டின் ஸ்கார்செசி அதனைப் படமாக்கி 1978-இல் வெளியிட்டார். பதினாறு ஆண்டுகள் சாலையில் கழித்தாயிற்று, இருபது ஆண்டுகளை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை என்ற கருத்தை ராபர்ட்சன் அப்படத்தில் சொல்கிறார். சாலை பலி கொண்ட கலைஞர்களையும் நினைவுகூர்கிறார்.

அந்த அச்சம் வீணானதன்று. ஹேங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு நாளில், நிகழ்ச்சிக்குச் செல்லும் வழியில், காரின் பின்னிருக்கையிலேயே உயிர் நீத்தார். பட்டி ஹாலி 1959 பிப்ரவரியில், கடுங்குளிரில் வெப்பமூட்டி பழுதான பேருந்துகளில் பயணம் செய்து அலுத்து, சிறிய விமானமொன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டார். அது விழுந்து மாண்டார். ஓட்டிஸ் ரெடிங்கின் விமானம் 1967 டிசம்பரில் ஏரியில் விழுந்தது. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் 'போதும்' என்று சொன்னால், அதைக் கோழைத்தனம் என்று நாம் எப்படிக் கூறுவோம்?

ஆயினும் ஹெல்ம் அம்முடிவை மனமார ஏற்கவில்லை. அவருக்கு மேடை என்பது வேலை மட்டுமன்று, மூச்சு. இங்கே பணத்தின் கணக்கும் குறுக்கிடுகிறது. பெரும்பாலான பாடல்கள் ராபர்ட்சனின் பெயரிலேயே பதிவாகியிருந்தன; அவற்றின் உரிமைத்தொகை அவருக்கே சென்றது. அவை ஐவரும் சேர்ந்து உருவாக்கியவை என்பது ஹெல்மின் வாதம். எழுதியவன் நானே என்பது ராபர்ட்சனின் நிலை. இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் பணியன்று. ஆனால் ஒன்று தெளிவு. வீட்டிலிருந்தபடியே வருவாய் பெறுபவருக்கு நின்றுவிடுவது எளிது. இரவுதோறும் வாசித்தால்தான் உணவு என்றிருப்பவருக்கு 'போதும்' என்ற சொல் அறிவுரையாகக் கேட்பதில்லை. கதவு அடைபடும் ஓசையாகவே கேட்கிறது.

1983-இல் ராபர்ட்சன் நீங்கலாக மற்ற நால்வரும் மீண்டும் சாலைக்குத் திரும்பினர். முன்பு பேரரங்குகளை நிறைத்தவர்கள் இப்போது சிறு விடுதிகளிலும் வாசித்தனர். 1986 மார்ச் 4 அதிகாலை, புளோரிடாவில் ஒரு நிகழ்ச்சி முடிந்தபின், தங்கியிருந்த விடுதி அறையில் ரிச்சர்ட் மேனுவல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. ராபர்ட்சனின் எச்சரிக்கை மெய்யாயிற்று என்று சிலர் சொல்லலாம். அவசரப்பட வேண்டாம். மேனுவலைப் பற்றியிருந்த மதுப்பழக்கம் வீட்டிலிருந்த ஆண்டுகளிலும் அவரை வாட்டியது. ஒரு மனிதரின் உள்ளத்து இருளுக்குச் சாலை ஒன்றே காரணம் என்று கூற நாம் யார்? அந்த மரணத்தை ஒரு வாதத்துக்குச் சான்றாக்குவதும் அவருக்கு நாம் இழைக்கும் அநீதியே.

ஹெல்மின் பிற்கால வாழ்வு நமக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. 1998-இல் அவருக்குத் தொண்டைப் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப்பின் குரல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மருத்துவச் செலவும் வீட்டுக் கடனும் அழுத்தின. அப்போது அவர் உட்ஸ்டாக்கிலுள்ள தம் வீட்டின் மரக்களஞ்சியம் போன்ற கூடத்திலேயே இசை இரவுகளைத் தொடங்கினார். சிறுவயதில் தம் ஊருக்கு வந்த நாடோடிக் கலைக்குழுக்கள் நள்ளிரவில் நடத்திய ஆட்டங்களின் நினைவாக அவற்றுக்குப் பெயரும் இட்டார். குரல் மெல்ல மெல்ல மீண்டது. மகள் அருகில் நின்று பாடினார். ஒரு காலத்தில் ஊர்தோறும் அலைந்தவரின் வீட்டு வாசலைத் தேடி, ஊர்கள் வந்தன. 2012 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றில் ராபர்ட்சனைக் குற்றவாளியாகவோ ஹெல்மைத் தூயவராகவோ நாம் காணவில்லை. சாலையை மட்டுமே விட எண்ணியதாகவும் சேர்ந்து இசைப்பதை விட நினைக்கவில்லை என்றும் ராபர்ட்சன் பின்னாளில் கூறினார். அவரும் 2023-இல் மறைந்தார். 2025 சனவரியில் ஹட்சனும் மறைய, ஐவரில் இன்று ஒருவரும் இல்லை.

நாம் கற்றுக்கொள்வது இதுதான். தன்னைக் காத்துக்கொள்ள நிற்பதற்கு ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பிறரைப் பார்த்து 'நில்' என்று சொல்பவர், நின்றபின் அவர் எங்கே தங்குவார், எதை உண்பார், யாரோடு பேசுவார் என்ற கேள்விக்கும் கடமைப்பட்டவராகிறார். இரவெல்லாம் லாரி ஓட்டும் தம்பியிடமும், கடல் கடந்து உழைக்கும் மகனிடமும் 'போதும், வந்துவிடு' என்று அன்போடு சொல்கிறோம். அச்சொல் உண்மையானதுதானா என்பதை நம் குரலின் கனிவு காட்டாது. அவர் வந்து அமர நம் வீட்டில் நாம் ஒதுக்கி வைத்திருக்கும் இடமே காட்டும்.