ஒரு தாய், இரு மொழிப் பாடல்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலிலே, கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தோடு அம்மன் பாடல்களையும் கேட்டே வன்னிச் சிறார்கள் வளர்கின்றனர். கண்ணகி விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். அதே அன்னையைச் சிங்கள மக்கள் ‘பத்தினி தெய்யோ’ எனப் போற்றி, ‘கம்மடுவ’ சடங்கிலே தம்மொழியிற் பாடுகின்றனர்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், 2009 இல் முடிந்த போரின் துயரை மறப்பதாகாதா எனச் சிலர் கேட்பர். ஆகாது. கண்ணகி நீதி கேட்ட தாய். அவளைப் பாடுவோர் இழப்பை மறப்பதில்லை.

அறியாத மொழி பிள்ளைக்கு அச்சந்தரும். அம்மொழியிலும் தன் அன்னையைப் பாடுகிறார்கள் என்று அறிந்தால் அச்சம் குறையும். மொழியும் முறையும் வேறாகவே இருக்கட்டும், வேறுபாடு பகையன்று. தன் பாட்டை நன்கறிந்த பிள்ளையே பிறர் பாட்டையும் மதிக்கும். இரண்டையும் பழக்குவது பெரியோர் கடன். அம்மன் அருள் துணைநிற்க.