சண்முகசுந்தரத்தின் ஐயம்

1968-இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைக் காணும் நமக்கு, சிவாஜி கணேசன் நடித்த நாதசுரக் கலைஞர் சண்முகசுந்தரத்தின்மீது இடையிடையே கோபம் வருகிறது. தம்மையே உயிராக எண்ணும் மோகனாவை இவர் ஏன் மீண்டும் மீண்டும் ஐயுறுகிறார்?

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை ஏ. பி. நாகராஜன் ஏறத்தாழ மூன்று மணி நேரப் படமாக்கினார். கதை அவசரமின்றி நகர்வதால், ஐயம் முளைத்து வளர்வதை நாம் அருகிருந்து காண்கிறோம். செல்வர்களுக்காகத் தூது போகும் வைத்தி, மகளைப் பணக்காரருக்கே தர நினைக்கும் தாய் வடிவாம்பாள், ஆடற்பெண்டிரைப் பற்றி ஊர் காலங்காலமாகப் பேசிவந்த பேச்சு ஆகிய எல்லாம் சேர்ந்து அவர் நெஞ்சில் முன்னரே ஒரு தீர்ப்பை எழுதிவிட்டன. மதன்பூர் அரண்மனையில் கண்ணால் கண்டது அத்தீர்ப்புக்கு இட்ட கையொப்பமே.

நாம் எளிதாகக் கோபப்படுவதற்கும் காரணம் உண்டு. மோகனா தனித்திருக்கும்போதும் அவளைக் காண்கிறோம். தாயோடு அவள் வாதாடுவதைக் கேட்கிறோம். திரையரங்கில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய இறைவனின் இருக்கை. சண்முகசுந்தரத்துக்கு அது கிடைக்கவில்லை. வீடு திரும்பினால் நமக்கும் கிடைப்பதில்லை.

ஐயம் மூன்று வழிகளில் பிறக்கும் என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ்: தன்னிடமுள்ள தீமையைக் கொண்டு பிறரை அளத்தல், ஒருவர்மேல் கொண்ட வெறுப்பு அல்லது பொறாமை, நெடுநாள் பட்டறிவு. அன்பு இதில் இல்லை. 'அன்பு மிகுதியால்தான் சந்தேகப்படுகிறேன்' என்னும் கணவன்மார் இதைக் கவனிப்பது நல்லது. தெளிவான சான்று இல்லாதபோது நல்லதாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும் அவர் கற்பிக்கிறார். அப்படியானால் ஏமாந்துபோவோமே? தீயவரை நல்லவரென எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவரைத் தீயவரென எண்ணிச் சிலமுறை தவறுவதைவிட மேல் என்பது அவர் விடை. (அடிபடுகிறவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை, தீங்கைத் தடுக்கும் முன்னெச்சரிக்கை வேறு.)

இது பழைய கதை மட்டுமன்று. நம் நெமிலிச்சேரி இல்லங்களில் இன்று கைப்பேசி சாட்சியாக அழைக்கப்படுகிறது. வேலை முடிந்து ரயிலில் வரும் மனைவி தாமதித்தால் அழைப்புப் பட்டியல் சோதிக்கப்படுகிறது. அதில் ஒன்றும் இல்லையெனில் ஐயம் தீர்வதில்லை. 'அழித்துவிட்டாள்' என்று வளர்கிறது. மோகனா உயிரைவிடத் துணிந்த பின்னரே சண்முகசுந்தரம் தெளிந்தார். அத்தகைய சான்றை எந்தப் பெண்ணிடம் கேட்பது?

புனித சூசையப்பர் கண்ணால் கண்டதும் மரியாவுக்கு எதிராகவே இருந்தது. விலகிவிட எண்ணினார், ஆனால் அவரை ஊர்முன் நிறுத்தி இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பவில்லை (மத்தேயு 1:19). வானதூதர் கனவில் தோன்றியது அம்முடிவுக்குப் பின்னரே.