தாய்ப்பால் தாயின் கடமை மட்டுமா?

தாயைத் தெய்வம் என்று போற்றும் நாடு இது. மேடையிலே புகழுரை, திரையிலே பாட்டு, ஏட்டிலே கவிதை! ஆயின், அந்தத் தாய் கைக்குழந்தையை வீட்டில் விட்டு ஆலை வாயிலில் நுழையும்போது, “என் பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரம் எது? இடம் எங்கே?” என்று கேட்டால், புகழ்ந்த வாய்கள் மூடிக்கொள்கின்றன. தாய்ப்பால் தருவது தாயின் கடமை என்பர். ஊருக்கும் ஆலைக்கும் அரசுக்கும் அதில் கடமையே இல்லையா? இந்தக் கேள்வியைத்தான், தோழர்களே, நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவ அறிவு சொல்வது தெளிவானது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு இணை உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால், குழந்தைக்கு நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தருவது. அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டியது நம் மடமை! பெரியவர் ஒருவரின் குணம் வருமென்று ‘சேனை’ தொட்டு வைத்தோம். நோய் தீருமென்று கழுதைப்பால் புகட்டினோம். சர்க்கரைத் தண்ணீரில் குணம் வராது, கிருமிதான் வரும்.

மடமை மட்டும் காரணமா? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் நூற்றுக்கு 88.6 பேறுகள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 41.8 தான்! மருத்துவர் அருகே, செவிலி அருகே, தாயும் அருகே. பால் மட்டும் தொலைவில்! இதற்குத் தாயையா குற்றம் சொல்வது? அவளுக்குத் துணை நிற்க வேண்டிய ஏற்பாடல்லவா துணை நிற்கவில்லை!

இனி, ஸ்ரீபெரும்புதூருக்கு வாருங்கள். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஆலைகள் வரிசை வரிசையாய் எழுந்து நிற்கின்றன. கைப்பேசியும் காரும் பிறக்கும் மண்ணில், பல்லாயிரம் பெண்கள் முறை வேலை பார்க்கின்றனர். எட்டு மணி நேர உழைப்பு. அதற்கு மேல் பேருந்துப் பயணம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். நாள் முழுதும் பால் எடுக்கப்படாவிட்டால் சுரப்பு குறையும். இது உடலின் இயல்பு. ஆலைச் சங்கு அதை மாற்றாது.

சட்டம் இதை உணராமலில்லை. 1961 ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டத்தை 2017 இல் திருத்தி, 12 வாரச் சம்பள விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினர். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரலாம் என்றும் விதித்தனர். 2020 ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் உள்ளன. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேற்று உதவி உண்டென்று 2023 இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரு கணக்குப் பாருங்கள். பேற்றுக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துவிட்டால், எஞ்சுவது 18 வாரம். குழந்தைக்கு வேண்டியதோ ஆறு மாதம்! இடையில் விழும் பள்ளத்தை நிரப்பக் காப்பகமின்றி வேறு வழியேது?

காப்பகம் செலவு என்று கருதும் முதலாளிக்கு ஒரு குறுக்குவழி தோன்றலாம். தாயையே வேலைக்கு எடுக்காமல் விடுவது! ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றிய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. பெரும்பணி; பாராட்டுவோம். ஆனால், படுக்கை தந்த சமுதாயம் தொட்டிலையும் தர வேண்டும். தாயாகும் நாளில் வெளியேற வேண்டுமென்றால், பெண்ணுக்குக் கிடைத்தது வேலையா, இடைக்கால அனுமதியா?

தோழர் சிலர் கேட்பர்: “பெண்ணை மீண்டும் தொட்டிலோடு பிணைக்கவா இந்தப் பேச்சு?” நல்ல ஐயம்தான். கூலியா, குழந்தையா என்று ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்வதே விலங்கு. ஆலைக்குள் காப்பகம் இருந்தால் அவள் இரண்டையும் இழக்கமாட்டாள். பால் சுரக்காதவளை, கொடுக்க இயலாதவளைப் பழிக்கும் உரிமையோ எவருக்கும் இல்லை. அவளுக்காகவே தாய்ப்பால் வங்கி இருக்கிறது. 1989 இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய அம்முறை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டது. பல தாய்மார் தந்த பால் சோதிக்கப்பட்டு, சூடேற்றித் தூய்மையாக்கப்பட்டு, எடை குறைந்து பிறந்த பிஞ்சுகளுக்குப் போகிறது. எந்தச் சாதிப் பால் என்று குழந்தை கேட்பதில்லை!

நாம் செய்யத்தக்கவை பல. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகள் இன்று எந்நிலையில் உள்ளன? சென்று பாருங்கள், பூட்டியிருந்தால் சாவியைக் கேளுங்கள். ஆலையில் காப்பகம் உண்டா என்று தொழிற்சங்கம் கேட்கட்டும். தொழிலாளர் துறை நேரில் வந்து பார்க்கட்டும். 1992 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் தடுத்துள்ள பால்மாவு விளம்பரம் கண்ணில் பட்டால் புகார் எழுதுங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு அங்கன்வாடிச் சத்துமாவும், மசித்த பருப்புச் சோறும், முட்டையும் கிடைக்கச் செய்யுங்கள். வடபுலத்திலிருந்து பிழைக்க வந்தோர் குழந்தையை வேற்றாள் என ஒதுக்காதீர்கள். வீட்டிலே, பாலூட்டும் மனைவி பசியாற உண்ணுமுன் கணவன் உண்ணாதிருக்கட்டும். சமையலும் துணி துவைத்தலும் அவன் கைக்கு வரட்டும்.

பால் தாயிடம் சுரக்கிறது. அவளுக்கு வேண்டிய நேரமும், உணவும், ஓய்வும், வேலைக்கு உறுதியும் நம்மிடமிருந்து சுரக்க வேண்டும். தாயைத் தொழுதது போதும், தோழர்களே! அவளுக்குச் சேர வேண்டியதைப் பெற்றுத் தருவோம்.