மெய்சிலிர்ப்பும் மெய்யன்பும்

இறைவன் திருமுன் நிற்குங்கால் மயிர் பொடித்தலும், உடல் விதிர்த்தலும், கண்ணீர் வார்தலும் அன்பின் அடையாளங்கள் என்று நம் முன்னோர் போற்றினர். மணிவாசகப் பெருமான் அருளிய திருச்சதகத்தின் முதற்பத்து ‘மெய்யுணர்தல்’ எனப் பெயர் பெற்று, இம்மெய்ப்பாடுகளோடே தொடங்குதலைக் கற்றோர் அறிவர். மார்கழித் திருவாதிரையன்று ஆயிரக்கால் மண்டபத்தினின்றும் ஆடவல்லான் சிற்சபைக்கு மீண்டெழுந்தருளுங்கால், தில்லையிற் கூடும் அடியவரிடத்து இவற்றை இன்றும் காணலாம். அக்கூட்டத்திலேயே யாதொரு சிலிர்ப்பும் எய்தாது நிற்பாரும் உளர். அவருட் சிலர், “நம் அன்பு பொய்யன்பு போலும்” என்று உள்ளம் வருந்துவர். அயல் நிற்பாரும் சிலர் அங்ஙனமே கருதுவர். இக்கருத்துத் தக்கதாமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மெய் என்னும் பொறியின்கண் எழும் உணர்ச்சிகளுள் மூன்றை முதற்கண் நோக்குவோம். நெடுநேரம் சம்மணமிட்டிருந்து எழுவார்க்குக் கால் மரத்து, ஊசி குத்தினாற்போல மதமதக்கும். அது நரம்பு அழுத்தப்பட்டமையான் வருவது. மயிர் சிலிர்த்தல், மயிர்க்கால்தோறும் உள்ள நுண்டசை சுருங்குதலான் நிகழ்வது. அத்தசையை இயக்கும் நரம்புகள் நம் ஏவலின்றித் தாமே தொழிற்படுவன. குளிரும் அச்சமும் இன்னிசையும் அவற்றைத் தூண்டும். மூன்றாவது, கூச்சம். இதனை 1897-இல் ஸ்டான்லி ஹால், ஆர்தர் ஆலின் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவகைப்படுத்தினர். எறும்பு ஊர்ந்தாற் போலும் மெல்லிய குறுகுறுப்பு ஒன்று. அக்குளிலும் விலாவிலும் விரல்பட நகை விளைப்பது மற்றொன்று. பின்னதையே உலகத்தார் கிச்சுக்கிச்சு மூட்டுதல் என்பர்.

கூச்சத்தால் எழும் நகை நகையாமா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் நிலைக்களம் நான்கு என வகுத்து, இகழ்தல், இளமை, அறிவின்மை, மடமை என்பவற்றோடு நிறுத்தினார். விலாவிற் பட்ட விரலை அவர் எண்ணிற்றிலர். மெய்ப்பாடாவது உள்ளத்து நிகழ்ந்தது உடம்பின்வழிப் புலப்படுதல். கூச்சமுற்றுச் சிரிக்கும் குழவி, ‘விடு, விடு’ என்று விலகி ஓடுதலின், அதன் வாய் நகுமேயன்றி உள்ளம் நகுவதில்லை. ஆகவே உடம்பின் நிகழ்ச்சி உள்ளத்து நிகழ்ச்சியின்றியும் வரும் என்பது பெற்றாம்.

சிலிர்ப்பிற்கும் இது பொருந்தும். ‘இவன் அன்பன், மயிர் சிலிர்த்தமையான்’ என்று ஒருவன் அனுமானஞ் செய்வானாயின், அவ்வேது அநைகாந்திகமாம்; குளிரில் நடுங்குவான்மாட்டும் அச்சிலிர்ப்புக் காணப்படுதலின். ‘இவன் அன்பனல்லன், சிலிர்ப்பின்மையான்’ என்பதும் அத்தகையதே. புகையின்றியும் தழல் உண்டாகலின்.

அற்றேல், உடம்பின் குறிகள் பயனிலவோ எனின், அன்று. கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் மாயையைப் பொழுது புலருங்காறும் உதவும் விளக்கிற்கு ஒப்பிட்டார். விளக்கைப் பகலவன் என மயங்குதலும் பிழை. இருளில் அதனை அவித்தலும் பிழை. அன்பு மிக்கவழிச் சிலிர்ப்பு வருமாயின் வருக. அது விளைவேயன்றி அளவுகோல் அன்று.

இனிக் கூச்சத்தின்கண் மற்றோர் உண்மை உளது. ஒருவன் தன் விரலால் தனக்கே கூச்சம் விளைத்துக்கொள்ளல் இயலாது. இதன் காரணத்தை 1998-இல் இலண்டன் ஆய்வாளர் மூளையின் தொழிலைப் படமெடுத்து விளக்கினர். தன் கை செய்யப்போவதைச் சிறுமூளை முன்னரே அறிந்து, அவ்வுணர்ச்சியை மழுக்கிவிடுகின்றது. இடையே ஒரு பொறியை வைத்துக் கையின் அசைவிற்கும் தொடுதற்கும் இடையே ஒரு நொடியின் சிறு கூறளவு காலம் தாழ்ப்பிப்பின், மழுங்கிய கூச்சம் மீளுகின்றது. இதனைச் சித்தாந்தத்திற்குச் சான்றாகக் கொள்ளேம், உவமையாகக் கொள்ளலாம். யான் அன்பன், யான் உருகுவேன் என்று தற்போதத்தால் முயன்று வருவிக்கும் சிலிர்ப்பு, தன் விலாவைத் தானே தீண்டினாற் போல்வது.

அங்ஙனமாயின் இறைவன் அயலான் ஆவனோ எனின், ஆகான். உவமை ஒருபுடை ஒப்புமையே. உயிரோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கும் பெருமான் புறத்தினின்றும் வந்து தீண்டுவானல்லன். எனினும் அவன் அருள் உயிரின் தன்முனைப்பிற்கு அகப்படுவதன்று என்னுமளவில் உவமை செல்லும்.

இது மடங்களிலும் கருதத்தக்கது. பரிச தீக்கையில் ஆசிரியன் கை சிரத்திற் பட்டபோது மின் பாய்ந்தாற் போன்றதென ஒரு மாணாக்கன் கூறலாம். யாதும் தோன்றவில்லையென மற்றொருவன் கூறலாம். முன்னவனை உயர்த்திப் பின்னவனைத் தாழ்த்தல் முறையன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவழி நிகழ்வது சத்திநிபாதம். தோலின் மதமதப்பு அதற்கு இலக்கணமன்று. நீரிழிவு முற்றிப் பாதத்தில் தொடுவுணர்ச்சி குன்றிய முதியோர் தில்லைத் திருச்சுற்றில் வெறுங்காலோடு வலம் வருகின்றனர். கல்லின் தண்மையும் அறியாத அக்கால்களின் தொண்டு குறைவுடையதென யார் கூறவல்லார்?

நாவுக்கரசர் வரலாறு இதற்கு நல்ல விளக்கம். சூலை என்னும் உடற்றுன்பமே அவரைத் திருவதிகைக்கு ஈர்த்தது. பின்னர் நீற்றறையில் 7 நாள் இருந்தும் அவ்வெம்மை அவரைத் தாக்கிற்றிலது. கல்லொடு கடலில் இடப்பட்டு அவர் கரையேறிய செய்தியைக் கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் நினைப்பிக்கின்றது. திருப்பாதிரிப்புலியூர்ப் பெருமானை வணங்கிய பின்னும் அவர் கையில் இருந்தது உழவாரம்; செய்தது திருமுற்றத்துப் புல் செதுக்கல். சிலிர்ப்பு நொடியில் அடங்கும். செதுக்கிய முற்றம் வருவார்க்கெல்லாம் உதவும். ஆதலின் சிலிர்த்தவரும் சிலிராதவரும் தத்தம் அன்பைத் தோலில் தேடாது தொண்டில் தேடுக. சிலிர்ப்பில்லை என்று வருந்தும் அன்பர் அவ்வருத்தத்தை ஒழிக. அவ்வருத்தந்தானும் அன்பின்றி எழாது.