சேராதது

ஆறு வருடங்களுக்கு முன்பு, செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு டம்ளர் டீயை வேண்டாம் என்று சொன்னேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு வங்கியில் கடன் பிரிவில் வேலை. மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கொடுத்த கடனில் கறவை மாடு வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கப் போயிருந்தேன். மாடு இருந்தது, கன்று இருந்தது, காதில் காப்பீட்டு வில்லை இருந்தது. கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் அந்த அம்மா டீ போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அந்த மாட்டின் பாலில் போட்ட டீ. “வேண்டாம்மா, எனக்குப் பால் சேராது” என்றேன். வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய மகன், இருபது வயது இருக்கும், தலையைத் தூக்காமலே சொன்னான்: “விடும்மா. சார் நம்ம வீட்ல குடிக்க மாட்டாரு.”

“அப்படி இல்லப்பா, உடம்புக்கு ஒத்துக்காது.”

“எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க சார்.”

சொம்பில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. நிரூபிக்கக் குடிக்கும் தண்ணீர் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் சொன்னது பொய் இல்லை. அதற்கு முந்தைய நான்கு வருடங்களாக என் வயிறு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வயிறு மத்தளம் போல உப்பும். பேருந்தில் ஏறினால் அடுத்த கழிப்பறை எங்கே என்பதுதான் முதல் யோசனை. எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்றார்கள். வலியோடு இருக்கிறவனிடம் ஒன்றும் இல்லை என்று சொல்வது ஆறுதல் அல்ல. கிட்டத்தட்ட ஒரு குற்றச்சாட்டு. வீட்டிலும் “எல்லாம் உன் நினைப்புதான்” என்றார்கள். கடைசியில் ஒரு மருத்துவர் ஐ.பி.எஸ். என்று பெயர் சொன்னபோது, நோய் வந்ததற்கு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்குள் நானே வைத்தியம் ஆரம்பித்திருந்தேன். முதலில் பாலை நிறுத்தினேன். பிறகு கோதுமை. பிறகு வெங்காயம், பூண்டு, பருப்பு, கத்தரிக்காய், புளி. ஒரு பரிசோதனைக் கூடத்தில் பெரிய தொகை கட்டி ரத்தம் கொடுத்தேன். எனக்குச் சேராதவை என்று 26 பொருட்களின் பட்டியல் வந்தது. ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளந்து போடுகிற பட்டியல் அது. அந்த எதிர்ப்பொருள் நாம் எதைச் சாப்பிட்டு வருகிறோம் என்பதைத்தான் காட்டுகிறது, எது சேராது என்பதை அல்ல என்று ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்புகள் எப்போதோ சொல்லிவிட்டன. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று அந்தத் தாளைச் சாமி படம் மாதிரி சமையலறையில் ஒட்டிவைத்தேன். என் மனைவி இரண்டு சமையல் செய்தாள். எனக்குத் தனிக் கரண்டி, தனி வாணலி. கல்யாண வீடுகளுக்குத் தயிர்சாதம்கூட இல்லாத டப்பாவோடு போனேன்.

ஆனால் நிவாரணம் கிடைத்தது. அதை மறைக்க முடியாது. எல்லாவற்றையும் நிறுத்திய பத்தாவது நாள், நான்கு வருடங்களில் முதன்முறையாக இரவு முழுக்கத் தூங்கினேன். அந்தக் காலை வெளிச்சம் இன்னும் நினைவிருக்கிறது. வலி நின்றவனுக்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? என் பட்டியல் சரி, என் உடம்பு சொன்னது உண்மை, என்னை நம்பாதவர்கள் எல்லோரும் தப்பு. நான் அந்த டீயை மறுத்தது இந்த நிச்சயத்தில் இருந்துதான்.

தமிழில் இதற்கு ‘சேராது’ என்று சொல்கிறோம். எனக்குப் பால் சேராது, அவருக்குக் கத்தரிக்காய் சேராது. அதே சொல்லைத்தான் மனிதர்களுக்கும் சொல்கிறோம்: அந்த வீட்டோடு நமக்குச் சேராது. என் தாத்தா வீட்டு மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு மாடம் உண்டு. அதில் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கானது. அவர்களே கழுவி அவர்களே கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதுதான் இந்த மண்ணில் மிகப் பழைய பத்தியம். அதைக் கடைப்பிடித்தவர்களும் ‘எனக்கு ஒத்துக்காது’ என்றுதான் நாகரிகமாகச் சொன்னார்கள்.

ஆகவே அந்தப் பையன் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் பார்த்த சாட்சியங்களை வைத்து அவன் சரியாகத்தான் முடிவு செய்தான். மறுப்பின் காரணம் என் குடலுக்குள் இருந்தது, அது அவனுக்குத் தெரியாது. மறுப்பின் பொருளோ அந்தத் தெருவில் நூறு வருடங்களாக இருக்கிறது, அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மனசு சுத்தம் என்று நான் தூங்கப் போய்விடலாம். அவர்கள் வீட்டில் ஆறிப்போன அந்த டீயை அன்று யார் குடித்திருப்பார்கள்?

இங்கே ஒரு கேள்வி வருகிறது. உடம்பு நிஜமாகவே முடியாது என்கிறபோது, ஒருவன் மற்றவர் மனசுக்காக வலியை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமை ஒரு துளிகூட ஆகாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கலந்திருக்கும் மாவுகூட அவருக்குக் கணக்குத்தான். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஒரு வாய் உயிர்ப் பிரச்சினை. அவர்களிடம் போய் “ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாது” என்று ஊட்டுவது அன்பு இல்லை. சொல்கிறவரை நம்புவதும் விருந்தோம்பலில் சேர்த்திதான்.

என் கதை அது இல்லை. அதுதான் சிக்கல்.

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி, உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பெரியவர்களுக்குப் பால்குடி மறந்த பிறகு குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்துக் காற்றாகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃபிரக்டான் கதையும் இதுதான். அதைச் செரிக்கும் நொதி எந்த மனிதருக்கும் கிடையாது. எல்லோர் வயிற்றிலும் காற்று உண்டாகிறது, சிலர் குடல்தான் அதை வலியாக உணர்கிறது. ஆக, உணவில் விஷம் இல்லை. பிரச்சினை அளவில் இருக்கிறது. லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு கப் பால் அளவுக்கு, பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். ஒரு சின்ன டம்ளர் டீயில் இருப்பது இரண்டு மூன்று கிராம்.

இதைப் படித்த அன்று எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

இப்படிப்பட்ட சர்க்கரைகளை மொத்தமாக ஃபோட்மேப் என்று பெயரிட்டு, அவற்றைக் குறைக்கும் உணவுமுறையை 2005-இல் முன்வைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும். அந்த முறையின் முதல் கட்டம்தான் நிறுத்துவது, சில வாரங்களுக்கு மட்டும். இரண்டாம் கட்டம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து, எவ்வளவு வரை தாங்குகிறது என்று பார்ப்பது. மூன்றாவது, முடிந்தவரை விரிவாகச் சாப்பிடுவது. நான் முதல் கட்டத்திலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டேன். என்னைப் போல நிறையப் பேர் உண்டு. நிவாரணம் கிடைத்த இடத்தை விட்டு நகர யாருக்குத்தான் தைரியம் வரும்?

அதே மோனாஷ் குழுவினர் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீலியாக் நோய் இல்லை, ஆனால் கோதுமையின் குளூட்டன் சேராது என்று உறுதியாக நம்பிய 37 ஐ.பி.எஸ். நோயாளிகள். முதலில் எல்லோருக்கும் ஃபோட்மேப் குறைந்த உணவு கொடுத்ததில் தொந்தரவு குறைந்தது. பிறகு எது எதில் இருக்கிறது என்று தெரியாமல், குளூட்டன் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி நிஜமாக வந்தது. ஆனால் வலிக்கு அவர்கள் காட்டிய குற்றவாளி வேறு.

இது என்னை ஆழமாகத் தைத்தது. வலி உண்மை, நிவாரணமும் உண்மை, காரணம் மட்டும் பொய்யாக இருக்கலாம். ஒன்பது பேரை ஒரே நாளில் ஊரை விட்டு விரட்டினால் திருட்டு நிற்கத்தான் செய்யும். அதை வைத்து ஒன்பது பேரும் திருடர்கள் என்று சொல்ல முடியுமா?

ஓர் உணவு ஆலோசகரின் துணையோடு இரண்டாம் கட்டத்தைத் தொடங்கினேன். பயமாகத்தான் இருந்தது. மூன்று நாளுக்கு ஒரு பொருள், சின்ன அளவில் ஆரம்பித்து. முடிவு இது: பூண்டும் வெங்காயமும் நிஜமாகவே ஆகாது. பாயசம், பால்கோவா ஆகாது. தயிரும் டீயும் ஒன்றும் செய்யவில்லை. சப்பாத்தி இரண்டு பரவாயில்லை. பருப்பு குழம்பில் இருந்தால் சரி, சுண்டலாக ஒரு கிண்ணம் என்றால் தொந்தரவு. கத்தரிக்காயும் புளியும் ஒரு தப்பும் செய்யவில்லை. நான்கு வருடங்களாக அவற்றைத் தள்ளிவைத்ததற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் பாதிக்கு மேல் அளவறிந்து உண்பதைப் பற்றித்தான். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான்.

இந்தச் சோதனையை ஆரோக்கியத்துக்காகத் தொடங்கினேன். பாதியில்தான் அது ஒரு கடமை என்று புரிந்தது. என் வேண்டாம்களின் செலவை நான் மட்டும் கட்டவில்லை. மனைவி தன் நேரத்தால் கட்டினாள். யாரோ ஒருவர் தன் மானத்தால் கட்டினார். மற்றவர்கள் என்னை நம்ப வேண்டும் என்று கேட்கிற உரிமை எனக்கு உண்டு. அந்த உரிமைக்கு விலை, என் பட்டியல் உண்மை அனுமதிக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் என்பது. மிச்சம் உள்ளதை மறுக்கும்போதும் பொருளைத்தான் மறுக்க வேண்டும், கையை அல்ல. இப்போதெல்லாம் “வேண்டாம்” என்று நிறுத்துவதில்லை. “பூண்டு ஒத்துக்காதும்மா, சாதமும் ரசத்துக்குப் பதில் மோரும் போடுங்க” என்று நானே கேட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவனைச் சந்தேகப்படுகிறவர்கள் குறைவு.

போன வருடம் அதே ஊருக்குப் போக வேண்டி வந்தது. மாடு இரண்டாகியிருந்தது. அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “டீ இருக்காம்மா?” என்று கேட்டேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொண்டுவந்தார். குடித்தேன், நன்றாக இருந்தது, வயிறும் சும்மா இருந்தது. “பையன் எங்கேம்மா?”

“அவன் ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போய் மூணு வருசம் ஆவுது சார்.”

டம்ளரை நானே கழுவி வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும் என்று அவர் கையிலேயே கொடுத்தேன். சோதனையின் முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவன், தான் அன்று கண்ட முடிவோடு ஓசூரில் இருக்கிறான்.