நோயைச் சொல்வது முறையீடாகுமா?

நோயுற்றவரிடம் நலம் விசாரித்தால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்று பதில் வருவது நம் வீடுகளின் பண்பு. அழகிய பண்பே. ஆனால் மருத்துவருக்கு எதிரே அமர்ந்துகொண்டும் இதே பதிலைச் சொல்லலாமா? நோவை விவரித்துச் சொல்வது ஸப்ருக்கு மாற்றமானது, படைத்தவனைப் பற்றிப் படைப்புகளிடம் முறையிடுவதாகும் என்று எண்ணுவோர் நம்மில் பலர். மற்ற நோய்களில் இந்த எண்ணம் நோயை நீட்டலாம். இதய நோயிலோ அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஆரணியில் நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்தவர். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் அருகில் வந்து அமர்ந்தார். தறியை மிதிக்கும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இருக்கிறது, வேலையை நிறுத்திச் சற்று உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றார். நாம் ஸப்ரின் சிறப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, ஓதிப் பார்த்து அனுப்பினோம். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து மகன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் மகனே பதில் சொன்னார்: "அத்தாவுக்கு வாயுத் தொல்லைங்க." பெரியவரிடம் கேட்டபோது, "அல்லாஹ் கிருபையால இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்றார். அந்த நேரத்தில் வலி இல்லை என்பதும் உண்மைதான். வாயுவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த மாதமே மாரடைப்பு வந்தது. அல்லாஹ் உயிரைக் காத்தான். ஆயினும் இதயத்தின் ஒரு பகுதி பழுதுபட்டுவிட்டது. இனித் தறியில் அமரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாம் பார்க்கப் போனபோது அவர் சொன்னார்: "ஹஜ்ரத், வாய்விட்டுச் சொன்னா பொறுமை இல்லாதவனா ஆயிடுவேனோன்னு இருந்துட்டேன்."

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட, தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள், உடனிருந்தோரே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது ஏன் கேட்கவில்லை என்றும், அறியாமைக்குக் கேள்வியே மருந்து என்றும் உணர்த்தினார்கள். இதயத்தைப் பற்றி ஏதும் அறியாத நாம் ஸப்ரைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினோமே, நமக்கும் அந்த உடனிருந்தோருக்கும் என்ன வேறுபாடு?

மார்க்கத்தில் ஸப்ர் என்பது வாயை மூடிக்கொள்வதன்று. ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய மார்பில் கை வைத்துப் பார்த்து, இது இதயத்தைப் பற்றிய நோய் என்று கூறி, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லும்படி பணித்ததாக அபூதாவூதிலேயே வருகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சிகிச்சைக்காக மருத்துவரிடம் நோயைச் சொல்வது முறையீடன்று. உள்ளதை எடுத்துரைப்பது மட்டுமே என்பது அவர்கள் முடிவு. பெரும் துறவியான பிஷ்ர் (ரஹ்) தம் வலிகளை மருத்துவரிடம் விவரிப்பார்கள் என்றும், இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) தம் உடலில் தோன்றும் நோய்களைச் சொல்லிவிட்டு, இறைவனின் ஆற்றல் தம்மிடம் வெளிப்படுவதையே விவரிப்பதாகக் கூறுவார்கள் என்றும் அங்கே எழுதுகிறார்கள்.

ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் இறுதி நோயில் மருத்துவரை அழைக்கவில்லையே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தம் தவணை முடிந்ததை உணர்ந்திருந்த அந்த மாமனிதரின் நிலை வேறு. குடும்பமும் கடனும் பொறுப்பும் சுமந்து நிற்கும் நம் நிலை வேறு. அவர்களுடைய தவக்குல் நம்மிடம் இல்லாதபோது அவர்களுடைய மௌனத்தை மட்டும் எடுத்துக்கொள்வது பொருந்தாது. மேலும், மருத்துவரிடம் போகாதிருப்பது ஒன்று. போயமர்ந்த பின் உண்மையை மறைப்பது வேறொன்று.

நெஞ்சின் நோவுக்கு நோயாளியைத் தவிர வேறு சாட்சி இல்லை. 1768இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது வந்து நின்றால் நீங்கும் நெஞ்சுவலியை ஒரு தனி நோயாக எடுத்துரைத்தார். அன்று ஸ்டெதஸ்கோப்பும் இல்லை, ஈ.சி.ஜி.யும் இல்லை. நோயாளிகள் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டே அவர் அதனை அறிந்தார். இன்றும் வலியில்லாத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கக்கூடும். அப்போது நோயாளியின் சொல்லே மருத்துவருக்கு வழிகாட்டி. சாட்சியத்தை மறைப்பவனின் இதயம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. அது கொடுக்கல் வாங்கல் பற்றி இறங்கியதே. எனினும் தன் உடலாகிய அமானிதத்தைப் பற்றித் தான் ஒருவனே சொல்லக்கூடிய சாட்சியத்தை மறைப்பவன் அந்த எச்சரிக்கையை எண்ணிப் பார்ப்பது நல்லது. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வான். பார்க்காதவன்போல் நெய்துகொண்டே போனால் சேலை முழுதும் குறை ஓடும்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கணவரோ மகனோ பேச, நோயாளி ஓரமாக நிற்பது நம்மிடையே வழக்கம். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மயக்க நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுப் பெரிய அறுவை செய்திருந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த நோயாளிக்காகத் தாயின் சம்மதமும் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்கே விளக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பே. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு கடும் நெஞ்சுவலி இன்றியே, மூச்சுத் திணறலாகவோ, குமட்டலாகவோ, மீளாத அசதியாகவோ வருவதுண்டு. அதை அவர்கள்தாம் சொல்ல முடியும்.

எனவே மருத்துவரிடம் செல்லுமுன் நாலு விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: நோவு எப்போது தொடங்கியது, எந்த வேலையில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதனால் தணிகிறது. உண்ணும் மாத்திரைகளோடு லேகியம், சூரணம் எதையும் மறைக்காதீர்கள். என் நோய் என்ன, இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, நான் நோன்பு வைக்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களும் செயற்கை வால்வு பொருத்தியவர்களும் டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. மருத்துவ ஏடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002இல் வந்த மருத்துவ நெறிமுறை விதி. கேட்பது மருத்துவரை அவமதிப்பதன்று. அவரும் மனிதரே; நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். நெஞ்சுப் பாரம் ஓய்ந்திருந்தும் விடாமல் நீடித்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108க்குச் சொல்லுங்கள்.

நம் பெரியவர் இப்போது பேரப்பிள்ளைகளுக்குத் தார் சுற்றக் கற்றுத் தருகிறார். மருத்துவரிடம் தாமே பேசுகிறார். முதலில் அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் உள்ளது உள்ளபடி. நாமும் ஓதிப் பார்க்க வருவோரிடம் டாக்டரைப் பார்த்தீர்களா, எல்லாவற்றையும் சொன்னீர்களா என்று முதலில் கேட்கிறோம்.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் தந்த உடலைப் பற்றி உண்மை பேசவும், தெரியாததைக் கேட்கவும், கேட்டதன்படி நடக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.